பதினோராம் பக்கத்துப் பெட்டி

தோ பாயோ, சிங்கப்பூர்
12-2-1989
மாதா துணை

ஜோனுக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம். நீயும் அங்கே சுகமாக இருப்பாய்.

உன் விலாசத்தைத் தம்பி ஆம்ப்ரோஸ் கொடுத்தான். வருஷா வருஷம் நீ அவனுக்குக் கிறிஸ்துமஸ் அட்டை போடுவது எனக்குத் தெரியாது என்று நினைத்திருந்தீர்கள் போலிருக்கிறது. அவன் மனைவி எல்லா அட்டைகளையும் ஷோகேஸ் மேல்தான் நிறுத்தி வைப்பாள்.

விஷயத்துக்கு வருகிறேன். ஆகஸ்ட் பதினைந்து, மாதா திருநாளன்று அப்பாவுக்கு எண்பது வயது. விருந்து வேண்டாம் என்கிறார். அதனால் அவரைப் பற்றி ஒரு சிறு புத்தகம் தயார் செய்து கொடுக்கப் போகிறேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டியது, ஜப்பான்காரன் காலம், கோவிலில் பாட்டுக்குழு நடத்தியது, அம்மா, பிள்ளைகள் என்று எல்லாம் இருக்கும். எங்கள் ஆபீஸில் டைப்ரைட்டர் போய் வேர்ட் புராசசர் வந்து ஒரு வருஷம் ஆகிறது. போட்டோவைக் கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்தால் உள்ளே இழுத்துக்கொண்டு திரையில் காட்டுகிறது. எழுத்துக்கு நடுவே அதை வைத்து அச்செடுக்கலாம். தமிழ் எழுத்து வராது, அதனால் புத்தகம் ஆங்கிலத்தில். அப்பாவுக்குக் கண் மங்கிவிட்டது. எப்படியும் படம்தான் பார்ப்பார்.

பிள்ளைகள் பக்கத்தில் உன் படமும் வேண்டும் என்று அப்பா சொல்கிறார். அவர் சொன்னதால் எழுதுகிறேன். நீ தனியாக இருக்கிற படமாக ஒன்று அனுப்பு. மற்றவர்கள் வேண்டாம்.

இப்படிக்கு,
அல்போன்சம்மாள்


மீரி, சரவாக்
27-2-1989

என் அன்புள்ள அக்காவுக்கு,

கடிதத்தின் தலையில் என்ன போடுவதென்று தெரியாமல் வெறுமையாக விட்டிருக்கிறேன், மன்னியுங்கள். நாங்கள் மூவரும் நலம். உங்கள் கால் வீக்கம் எப்படி இருக்கிறது? அப்பா இன்னும் காலையில் ரொட்டியைக் கோப்பியில் முக்கித்தான் சாப்பிடுகிறாரா?

எட்டு வருஷம் கழித்து உங்கள் கையெழுத்தைப் பார்த்தேன். தபாலை வாங்கிக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவர் ஓடி வந்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று பதறினார். "அப்பா என்னைக் கேட்டாராம்" என்றேன். பாலகிருஷ்ணன் என்ற பெயர் நம் வீட்டில் பிடிக்காது என்று தெரியும் அக்கா, ஆனால் அன்றைக்கு அவர்தான் என் தலையைத் தடவிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அதையும் எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

தனிப்படம் என்னிடம் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு தனியாகப் படம் எடுத்துக்கொள்ளவே இல்லை. சென்ற மாதம் ஸ்டூடியோவில் எடுத்ததை வைத்திருக்கிறேன். நடுவில் நிற்பவள் என் மகள் சிவகாமசுந்தரி. சுந்தரி என்று கூப்பிடுகிறோம். ஆறு வயது. அப்பாவின் காது அவளுக்கு, நீங்களே பாருங்கள்.

பிறந்தநாளுக்கு நாங்கள் வரலாமா? ஹோட்டலில் தங்கிக்கொள்கிறோம். ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுப் போய்விடுகிறோம்.

உங்கள் கைகளைப் பற்றிக்கொண்டு,
ஜோன்


தோ பாயோ
2-4-1989
மாதா துணை

ஜோனுக்கு,

சுகம். என் கால் வீக்கத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது போய் நாலு வருஷம் ஆகிறது.

படம் வந்தது. மெஷினுக்குள் ஏற்றினேன். திரையில் கறுப்புப் புள்ளிகளாக வந்தது, ஆனாலும் முகம் தெரிகிறது. நான் கேட்டது உன் படம் மட்டும். அதனால் பக்கத்தில் படத்துக்காகப் போட்ட கோட்டுப் பெட்டிக்குள் உன்னை மட்டும் நிறுத்தி மற்றதை வெட்டிவிட்டேன். குழந்தை உன் தோளில் கை வைத்திருக்கிறது. அந்தக் கையை மட்டும் எடுக்க முடியவில்லை. நாலு விரல் தெரிகிறது. பார்க்கிறவர்கள் ஏதோ சட்டையின் பூ என்று நினைத்துக்கொள்வார்கள்.

பதினோராம் பக்கத்தில் ஆம்ப்ரோஸ் குடும்பத்துக்குக் கீழே வைத்திருக்கிறேன். மூலப் படம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

வருவதைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாது. அப்பா சீக்கிரம் களைத்துப் போகிறார். வீட்டுக்குச் சுண்ணாம்பு வேறு அடிக்க வேண்டும்.

அல்போன்சம்மாள்


மீரி
16-4-1989

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உங்கள் இருவரின் நலத்துக்கும் தினமும் வேண்டிக்கொள்கிறேன். எப்படி வேண்டிக்கொள்கிறேன் என்று கேட்காதீர்கள். நீங்கள் கற்றுக்கொடுத்த ஜெபம்தான்.

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். கோபம் வந்தது. பிறகு, எனக்குத் தலை பின்னிவிட்டவர் நீங்கள், அம்மா இறந்த பிறகு எனக்குச் சோறு ஊட்டியவர் நீங்கள், உங்களிடம் கோபிக்க எனக்கு என்ன உரிமை என்று தோன்றியது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பெட்டியில் ஒருவருக்குத்தான் இடம் என்றால் என்னை எடுத்துவிடுங்கள். சுந்தரியை வையுங்கள். என் முகம் அப்பாவுக்குத் தெரியும். பேத்தியை அவர் பார்த்ததே இல்லை. கீழே என் பெயரைப் போட்டுக்கொள்ளுங்கள், பரவாயில்லை. அப்பா கண்டுபிடித்துவிடுவார்.

அவளிடம், "தாத்தா புக்குல நீ வரப்போற" என்று சொல்லிவிட்டேன். "தாத்தா என்னப் பாத்தா என்ன சொல்வாரு?" என்று தினமும் நச்சரிக்கிறாள்.

என்றும் உங்கள் தங்கை,
ஜோன்


தோ பாயோ
11-6-1989
மாதா துணை

ஜோனுக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம்.

புத்தக வேலை இழுத்துக்கொண்டே போகிறது. பெரியப்பா மகன் ஈப்போவிலிருந்து இரண்டு பக்கம் எழுதி அனுப்பினார். அதை நடுவில் சேர்த்தேன். மேலே எழுத்து கூடினால் கீழே உள்ளதெல்லாம் இறங்குகிறது, படமும் கூடவே இறங்குகிறது. மற்ற படங்கள் ஓரளவு நின்றன. உன் படம்தான் நிற்க மாட்டேன் என்கிறது. முதலில் பாட்டுக்குழு பக்கத்துக்குப் போனது. திருப்பிக் கொண்டுவந்து வைத்தேன். அடுத்த நாள் பார்த்தால் அம்மாவின் கல்லறைப் படத்துக்குப் பக்கத்தில் போய் நிற்கிறது. செத்தவர்கள் பக்கத்தில்.

என்னோடு வேலை செய்யும் சம்சுன்னிசா எட்டிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, அந்தப் பொண்ணுக்கு உங்க வீட்டுல நிக்க ஒரு எடம்கூட இல்லியா?" என்று கேட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

குழந்தையின் படத்தை வைப்பது சரிப்படாது. ஞானஸ்நானம் பெற்ற பேரப்பிள்ளைகளை மட்டும் போட்டிருக்கிறேன். சாமியாரும் அந்தப் புத்தகத்தைப் பார்ப்பார்.

அப்பா படுத்துத்தான் இருக்கிறார், வயதாகிறது அல்லவா. கேட்டதற்குப் பேச்சு குறைவு. போனில் பேசினால் அவருக்குப் புரியாது, வீணாகக் காசைச் செலவழிக்காதே.

அல்போன்சம்மாள்


மீரி
25-6-1989

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? அப்பாவுக்குப் பேச்சு குறைவு என்று எழுதியிருந்தீர்கள். டாக்டரிடம் காட்டினீர்களா? இரண்டு முறை போன் செய்தேன். இரண்டு முறையும் அப்பா தூங்குகிறார் என்றீர்கள். காதுக்குப் பக்கத்தில் ரிசீவரை வைத்தால்கூடப் போதும் அக்கா, நான் மட்டும் பேசிவிட்டு வைத்துவிடுவேன்.

ஒரு நல்ல செய்தி. நான் டைப்பிஸ்டாக இருக்கும் மரக் கம்பெனியிலும் கம்ப்யூட்டர் வாங்கிவிட்டார்கள். உங்கள் ஆபீஸில் இருக்கிற அதே புரோகிராம்! சொல்லிக்கொடுக்கச் சிங்கப்பூரிலிருந்து அழகப்பன் என்று ஒருவர் வந்திருந்தார். பாடம் முடிந்ததும் எல்லோரும் கோப்பி குடிக்கப் போனார்கள். நான் மட்டும் அவரைப் பிடித்துக்கொண்டு, "சார், படம் ஓடிப்போகுதாம், என்ன செய்யறது?" என்று கேட்டேன். "ரொம்ப ஈஸி லா, அஞ்சு நிமிஷ வேலை" என்று உட்கார்ந்து காட்டினார்.

படத்தை ஒரு பெட்டிக்குள் வைக்கிறோம் இல்லையா? அந்தப் பெட்டி எதோடு சேர்ந்திருக்க வேண்டும் என்று மெஷின் கேட்கும். நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் பக்கத்தில் இருக்கும் பத்தியோடு சேர்த்துக் கட்டிவிடும். பத்தி எங்கே நகர்ந்தாலும் படம் பின்னாலேயே போகும். அதை மாற்றி, பக்கத்தோடு சேர்த்துக் கட்டச் சொல்ல வேண்டும். பிறகு பக்கத்தின் தலையிலா, நடுவிலா, அடியிலா என்று கேட்கும். நடுவில் என்று சொல்லுங்கள். ஆனால் அந்தக் கட்டளையைப் பதினோராம் பக்கத்தின் முதல் எழுத்துக்கும் முன்னால் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடும். அதற்கும் மேலே பக்கத்தை முறிக்கும் கட்டளை ஒன்றைப் போட்டுவிட்டால் முன்னால் எத்தனை எழுதிச் சேர்த்தாலும் பக்கம் கலையாது. தனித்தாளில் ஒவ்வொரு சாவியாக எழுதி இணைத்திருக்கிறேன். இனி நான் எங்கேயும் ஓடமாட்டேன் அக்கா!

சுந்தரியின் படம் இல்லாவிட்டாலும் சரி. அந்த விரல்களை மட்டும் அழித்துவிடாதீர்கள்.

ஆகஸ்ட் பதிமூன்றாம் தேதிக்கு மூன்று டிக்கெட் எடுத்துவிட்டோம். கோபிக்காதீர்கள். அவரும் குழந்தையும் கீழேயே நிற்பார்கள். நான் மட்டும் மேலே வந்து அப்பாவைப் பார்க்கிறேன்.

ஆவலுடன்,
ஜோன்


தோ பாயோ
9-7-1989
மாதா துணை

ஜோனுக்கு,

சுகம். நீ எழுதிய தாள் கிடைத்தது. அதன்படியே பெட்டியைப் பக்கத்தோடு கட்டிவிட்டேன். அசையவில்லை. அச்செடுத்தும் ஆயிற்று.

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. நீங்கள் வருவதாக அப்பாவிடம் சொன்னேன். "வர வேணாம்னு சொல்லு" என்றார். "அவ பேரு புக்குல இருக்குல்ல, அது போதும்" என்றார். மேற்கொண்டு நான் கேட்கவில்லை. இந்த வயதில் அவரை அழ வைத்துப் பார்க்க உனக்கு ஆசை இருந்தால் வா.

அல்போன்சம்மாள்


மீரி
23-7-1989

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லோரும் நலம்தானே.

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம். அவர்தான் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். சுந்தரி மட்டும், "தாத்தாவுக்கு என்னப் புடிக்கலியா?" என்றாள். "தாத்தாவுக்கு ஒடம்பு சரியில்ல" என்றேன்.

அப்பா அப்படிச் சொல்லியிருப்பார் என்று நம்ப முயன்றுகொண்டிருக்கிறேன். நான் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்து நின்ற அன்றுகூட அவர் என்னைத் திட்டவில்லை. சாப்பிட்டாயா என்றுதான் கேட்டார். நீங்கள்தான் கதவைச் சாத்தினீர்கள். அதைக் குறையாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அவர் கையால் ஒரு வரி எழுதி வாங்கி அனுப்புங்கள். "வராதே" என்று எழுதினாலும் போதும். வைத்துக்கொள்வேன்.

புத்தகம் ஒன்று எனக்கும் அனுப்புவீர்களா?

ஜோன்


தோ பாயோ
8-8-1989
மாதா துணை

ஜோனுக்கு,

நலம்.

அப்பாவால் எழுத முடியாது. அதற்காக மனத்தைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. அவருக்கு இப்போது எந்த வலியும் இல்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம் எதைப் பற்றியும் இனி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. முன்பெல்லாம் இரவில் நாலைந்து தடவை எழுந்துகொள்வார். அந்தத் தொல்லையும் இல்லை.

போன வாரம் கோவிலிலிருந்து எல்லோரும் வந்து பார்த்தார்கள். பாட்டுக்குழுவும் வந்து பாடியது. அந்தச் சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுவிட்டிருந்தேன். இத்தனை வயதிலும் என்ன களை என்று எல்லோரும் சொன்னார்கள்.

புத்தகம் குறைவாகத்தான் அடித்தேன். உனக்கு அனுப்ப மிச்சமில்லை.

அல்போன்சம்மாள்


ஆங் மோ கியோ, சிங்கப்பூர்
3-9-1989

தங்கை ஜோனுக்கு,

இங்கே நாங்கள் இருக்கிறோம், சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நீ இதை உட்கார்ந்து படி. பக்கத்தில் மச்சான் இருக்கட்டும்.

அப்பா ஜூலை முப்பதாம் தேதி இறந்துபோனார்.

இது உனக்குத் தெரியும் என்றுதான் நேற்றுவரை நினைத்திருந்தேன். உனக்குத் தந்தி அடித்துவிட்டதாக அக்கா சொன்னார். அடக்கத்துக்கு நீ வரவில்லை. சுவா சூ காங்கில் குழிக்குப் பக்கத்தில் நின்றபோது ஒவ்வொருவராக என்னிடம் வந்து, "சின்ன மக வரலியா?" என்று கேட்டார்கள். அக்கா எல்லோருக்கும் கேட்கும்படி, "தந்தி குடுத்தாச்சு. அவளுக்கு மனசு இல்ல" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் உன் பெயரையே எடுக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லிவிட்டேன்.

நேற்று அக்காவுக்குச் சாமான் வாங்கிக் கொடுக்கப் போயிருந்தேன். கீழே தபால் பெட்டியைத் திறந்தால் பழைய விளம்பரத் தாள்களுக்கு நடுவே ஒரு கவர் கிடந்தது. அப்பா பெயருக்கு, குழந்தை எழுத்தில். பிறந்தநாள் அட்டை. "தாத்தா, பதினோராம் பக்கத்தில் அம்மா தோளில் இருப்பது என் கை" என்று எழுதியிருந்தாள். அதைப் படித்தபோது எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. செத்துப்போனவருக்கு யாராவது அட்டை அனுப்புவார்களா? அனுப்பாத படத்தில் கை எப்படி இருக்கும்?

உன்னிடம் எதையும் மறைக்கப் போவதில்லை. மே மாதக் கடைசியில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அதன் பிறகு அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அக்காதான் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறாரே, எல்லாம் சொல்லியிருப்பார் என்று இருந்துவிட்டேன். துவாஸில் கப்பல் பட்டறைக்கு விடியலில் போனால் இருட்டித்தான் வருகிறேன். அது ஒரு சாக்குதான்.

ஆகஸ்ட் வரை தாங்காது என்று டாக்டர் சொன்னதால் புத்தகத்தை ஜூலை முதல் வாரத்திலேயே அக்கா அடித்துவிட்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் அப்பாவைச் சாய்த்து வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினார். நானும் இருந்தேன். அப்பா இடது கை விரலால் ஒவ்வொரு படத்தையும் தொட்டார். பதினோராம் பக்கத்தில் மேலே நாங்கள். கீழே, நடுவில், கோடு போட்ட ஒரு பெட்டி. உள்ளே ஒன்றுமில்லை. வெள்ளை. அடியில் "ஜோன், இளைய மகள்" என்று மட்டும் இருந்தது. அப்பா அந்தப் பெட்டியில் விரலை வைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார். எடுக்கவே இல்லை. பக்கத்தைத் திருப்ப விடவில்லை.

அக்கா அவர் காதருகே குனிந்து, "கேட்டு எழுதுனேம்பா. ரெண்டு தடவ எழுதுனேன். அவ அனுப்பல" என்றார்.

அப்பா விரலை எடுத்துவிட்டார்.

அவ்வளவுதான் ஜோன். அதன் பிறகு புத்தகத்தைத் தரச் சொல்லி அவர் கை நீட்டவில்லை. நான் அங்கே நின்றுகொண்டு, நீ நன்றி கெட்டவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் அண்ணன்,
ஆம்ப்ரோஸ்


தோ பாயோ
1-10-1989
மாதா துணை

ஜோனுக்கு,

நான் நலம். உன் உடம்பைப் பார்த்துக்கொள். ஆபீஸ் போனில் அப்படிக் கத்தினால் நெஞ்சுக்கு ஆகாது. சம்சுன்னிசா உட்பட எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏன், ஏன்" என்று கேட்டுவிட்டு, பதில் சொல்வதற்குள் அழுதாய். எழுதுகிறேன்.

லாசரஸை உனக்கு நினைவிருக்கும். முப்பத்தாறு வயதில் எனக்கு வந்த மாப்பிள்ளை. அதற்கு முன் வந்தவர்களையெல்லாம், தாயில்லாத சின்னப் பிள்ளை ஒன்று வீட்டில் இருக்கிறது என்று நானே திருப்பி அனுப்பினேன். அந்தச் சின்னப் பிள்ளை நீ. எங்கள் திருமண அறிவிப்பு ஓலையைக் கோவிலில் இரண்டு ஞாயிறு வாசித்தாயிற்று. மூன்றாவது வாசிக்க இருந்த வாரத்தில் நீ பதிவு அலுவலகத்துக்குப் போய் மாலை மாற்றிக்கொண்டாய். லாசரஸின் அம்மா இந்த வீட்டில் வந்து நின்று, "ஒரு பொண்ணு இப்படின்னா இன்னொன்னு எப்படியோ" என்று சொல்லிவிட்டுப் போனாள். மூன்றாவது ஞாயிறு நான் வழக்கம்போல முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என் பெயர் வாசிக்கப்படவில்லை. கோவில் முழுக்க என் முதுகைப் பார்த்தது. நீ ஒரு வாரம் பொறுத்திருக்கலாம். ஒரே ஒரு வாரம். உனக்கு அது தோன்றவே இல்லை. இந்த வருஷம் எழுதிய கடிதங்களிலும் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அதற்குப் பிறகும் அப்பா தினமும் கேட்டது உன்னைத்தான். மலம் எடுத்தது நான், கால் புண்ணுக்கு மருந்து வைத்தது நான், நாக்கு விழுந்த பிறகும் அவர் விரல் தேடியது உன்னை. ஆம்ப்ரோஸின் படத்தில் ஒரு நொடி நின்றது. என் படத்தில் நிற்கவே இல்லை, தாண்டிப் போய்விட்டது. உன் பெட்டியில்தான் போய் உட்கார்ந்தது.

மெஷின் மேல் பழி போடுவேன் என்று நினைக்காதே. உன் படம் ஒரு நாளும் தானாக நகரவில்லை. நீ கற்றுக்கொடுப்பதற்கு முன்பே பெட்டியைக் கட்ட எனக்குத் தெரியும். பெட்டியை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் எடுத்தேன். அப்பாவிடம் சொன்னதும் தெரிந்து சொன்னதுதான். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் இதைச் சொல்லப் போவதில்லை. வருத்தம் இல்லாமல் சொன்னால் அது செல்லாது.

உன் படம் என்னிடம் இருக்கிறது. வேண்டுமானால் வந்து வாங்கிக்கொள்.

அல்போன்சம்மாள்


மீரி
7-1-1990

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் மூவரும் சுகமாக வந்து சேர்ந்தோம். அண்ணிக்கு இருமல் குறைந்ததா? நாலு நாளும் உங்கள் வீட்டில் எங்களை அந்த மாதிரிப் பார்த்துக்கொண்டீர்கள். என் கணவரைத் தைரியமாகப் பூசைக்கு அழைத்துப் போய் உங்கள் பக்கத்திலேயே உட்கார வைத்தீர்கள். அதற்கு நன்றி சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கடைசி நாள் நாங்கள் எங்கே போனோம் என்று உங்களிடம் பொய் சொல்லிவிட்டேன். தேக்காவில் சாமான் வாங்கப் போகவில்லை. என் கணவர் அப்பாவின் கல்லறைக்குப் பூ வாங்கிக்கொண்டு முன்னால் போனார். நான் சுந்தரியைக் கூட்டிக்கொண்டு தோ பாயோவுக்குப் போனேன்.

படத்தை வாங்கத்தான் போனேன். வேறு ஒன்றும் மனத்தில் இல்லை. அங்கே லிஃப்ட் இன்னும் எல்லா மாடியிலும் நிற்பதில்லை. மேலே போய் ஒரு மாடி இறங்கி வந்தோம். சுந்தரிக்குப் புதுக் கவுன். மணியை அவள்தான் அடித்தாள்.

அக்கா கதவைத் திறந்தார். கம்பிக் கதவு பூட்டியிருந்தது. முடி முழுக்க வெளுத்துவிட்டது அண்ணா, நீங்கள் சொல்லவே இல்லையே. என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குழந்தையைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். அப்பாவின் காதைத்தான் பார்த்திருப்பார். முகம் கலங்கிப் போனது. "சுந்தரி" என்றார். "சுந்தரி, உள்ள வா கண்ணு. இரு, சாவி எடுத்துட்டு வர்றேன்." உள்ளே ஓடினார். ஏதோ கீழே விழுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து பூட்டில் சாவியைப் போட்டார். அது உள்ளே போகவில்லை. கன்னத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. எட்டு வருஷத்தில் அவர் இப்படி ஆசைப்பட்டுக் கேட்ட ஒன்று இதுதான். என் கையில் இருக்கிறது.

சுந்தரி என்னை நிமிர்ந்து பார்த்து, "யாருமா இவங்க?" என்றாள்.

"தெரியலம்மா. வீடு மாறி வந்துட்டோம்" என்றேன். அக்காவைப் பார்த்து, "சாரி, தப்பான வீடு" என்றேன். ஆங்கிலத்தில், அந்நியர்களிடம் சொல்வது போல.

சாவி விழுந்தது. "ஜோன்" என்று ஒரு தடவை கூப்பிட்டார். நான் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கிவிட்டேன். படத்தை வாங்கவில்லை.

எனக்கு நன்றாக இருந்தது அண்ணா. உங்களிடம் மறைப்பானேன், லிஃப்டில் நிற்கும்போது உடம்பெல்லாம் லேசாக இருந்தது. அப்பா இறந்த செய்தி வந்த நாளிலிருந்து அப்படி இருந்ததே இல்லை.

கீழே வந்ததும் சுந்தரி என் கையை உதறிவிட்டு நின்றுகொண்டாள். "அந்த ஆன்ட்டி என் பேரச் சொன்னாங்கம்மா" என்றாள்.

"வேற என்னமோ சொன்னாங்க. ஒனக்கு அப்படிக் கேட்டுருக்கும்."

"இல்ல. என் பேரத்தான் சொன்னாங்க. ஒன் பேரயும் சொன்னாங்க."

நான் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தேன். அவள் வரவில்லை. அங்கேயே நின்று மேலே மாடி மாடியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இழுத்துக்கொண்டுதான் வர வேண்டியிருந்தது. கல்லறையில் அவள் அப்பாவிடமும் பேசவில்லை. விமானத்திலும் என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இப்போது ஒரு வாரமாகிறது. நான் எதைச் சொன்னாலும், "நெஜமாவாம்மா?" என்று கேட்கிறாள். பள்ளிக்கு நேரமாச்சு என்றால்கூடக் கேட்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

ஜோன்